ஞாயிறு சாயங்காலத்து வயிற்று வலி: பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தையைப் புரிந்துகொள்ள

என் அக்கா மகள் அப்போது ஆறாம் வகுப்பு. ஐந்தாவது வரை தெருமுனைப் பள்ளியில் படித்தவளை அந்த ஜூனில்தான் பஸ் ஏறிப் போகிற பெரிய பள்ளியில் சேர்த்திருந்தார்கள். ஆகஸ்ட் பிறந்ததும் தொடங்கியது. ஞாயிறு சாயங்காலமானால் வயிற்று வலி. திங்கள் காலை எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். எப்படியோ குளிக்கவைத்து, யூனிஃபார்ம் போட்டு, இரட்டைச் சடை பின்னி வாசல் வரை கூட்டி வந்தால் அங்கே வாந்தி. "சரி, இன்னிக்கு வேண்டாம்" என்று அக்கா சொன்ன அரை மணி நேரத்தில் வலி போய்விடும். பதினோரு மணிக்குத் தோசை கேட்பாள்.

"நல்லா நடிக்கிறா" என்றார் மாமா. பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பல வருஷம் வேலை பார்த்த எனக்கே ரொம்ப நாள் அப்படித்தான் தெரிந்தது. அது நடிப்பு இல்லை என்று புரிந்துகொள்ளாமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. வீட்டில் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பையோடு ஆற்றங்கரைக்கோ தியேட்டருக்கோ போகிற பையன் 'கட்' அடிக்கிறான். அப்பா அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவன் கவலை. பள்ளி மறுப்பு என்பது வேறு. இந்தக் குழந்தை எதையும் மறைப்பதில்லை. வீட்டிலேயே, அம்மா கண்முன்னாலேயே இருக்கிறது. பல நேரம் நன்றாகப் படிக்கிற, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாகத்தான் இருக்கும். முந்தின நாள் ராத்திரி "நாளைக்குக் கண்டிப்பா போறேன்" என்று மனசாரச் சொல்லும். பையைக்கூட அடுக்கி வைக்கும். காலையில் முடியாமல் போய்விடும். 'மாட்டேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது 'முடியலை'.

1941-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதற்குப் 'பள்ளி அச்சம்' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை பயப்படுவது பள்ளியைப் பார்த்து மட்டும் இல்லை என்பது போகப்போகத் தெரிந்ததால், 'பள்ளி மறுப்பு' என்ற பொதுவான பெயர் இப்போது அதிகம் புழங்குகிறது. ஜப்பானில் இதை 'ஃபுத்தோகோ' என்கிறார்கள். அங்கே கல்வி அமைச்சகமே வருஷா வருஷம் கணக்கெடுக்கிறது. நோய், வறுமை போன்ற காரணம் இல்லாமல் வருஷத்தில் 30 நாளோ அதற்கு மேலோ வராத தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 2023 கல்வியாண்டில் 3,46,482 பேர். எந்தக் குழந்தைக்கும் இது வரலாம் என்று 1992-லேயே அந்த நாட்டு அமைச்சகம் சொல்லிவிட்டது. "நம்ம வீட்டுல மட்டும் ஏன் இப்படி" என்று ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு இந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தாலே நல்லது.

வலி நிஜம்

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். அது வெறும் பேச்சு வழக்கு இல்லை. ஆபத்து என்று மூளைக்குத் தோன்றிய உடனே அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. ஓடுவதற்குத் தயாராகிற உடம்பு, குடலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துக் கை கால்களுக்கு அனுப்புகிறது. வயிறு பிசைகிறது, குமட்டுகிறது, அடிக்கடி கக்கூஸ் வருகிறது, தலை கனக்கிறது. பரீட்சை ஹால் வாசலில் நின்றபோது நமக்கு வந்ததும் இதேதான். ஆபத்து நீங்கியது என்று தெரிந்ததும் எல்லாம் அடங்குகிறது. பதினோரு மணிக்குத் தோசை இறங்குவது இதனால்தான்.

ஆனாலும் முதலில் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். ரத்தசோகை, பூச்சித் தொல்லை, ஒற்றைத் தலைவலி, கரும்பலகை தெரியாத கண் என்று எதுவாகவும் இருக்கலாம். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சல், எடை குறைவது, மலத்தில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் 'பள்ளிக்கூட பயம்' என்று தள்ளிவிடவே கூடாது. விடுமுறை நாளிலும் அதே வலி வருகிறதா என்று குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கும் உதவும்.

இந்தச் சிக்கல் எப்படி வளர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "இன்னிக்கு வேண்டாம்" என்றதும் குழந்தைக்கு ஒரு பெரிய நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியை மனசு மறப்பதில்லை. போகாமல் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று கற்றுக்கொள்கிறது. மறுநாள் பயம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. அதற்குள் கணக்கில் புதுப் பாடம் நடத்திவிடுகிறார்கள், நோட்டு எழுதவில்லை, "ஏன் வரலை?" என்று நாற்பது பேர் கேட்பார்கள். ஒரு காரணத்துக்காக லீவு போட்ட பிள்ளைக்கு ஒரே வாரத்தில் நாலு காரணம் சேர்ந்துவிடுகிறது. தானாகச் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் விட்டுவைப்பது இதனால்தான் ஆபத்து. அடித்து இழுத்துக்கொண்டு போனாலும் இதே ஆபத்துதான். பயத்தோடு அவமானமும் சேர்ந்துகொள்ளும்.

எதிலிருந்து தப்பிக்கிறது?

1990-இல் கிறிஸ்டபர் கியர்னி, வெண்டி சில்வர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பார்க்க ஒரு வழி சொன்னார்கள். "ஏன் போகலை" என்று தோண்டுவதற்குப் பதிலாக, போகாமல் இருப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள் என்றார்கள். பெரும்பாலும் நாலு விடைதான். பள்ளியில் ஏதோ ஒன்று தருகிற கலக்கத்திலிருந்து தப்பிப்பது. நாலு பேர் முன் நிற்பது, மார்க், கிண்டல் இவற்றிலிருந்து தப்பிப்பது. அம்மாவோ அப்பாவோ பக்கத்திலேயே இருப்பது. வீட்டில் கிடைக்கிற போன், டிவி, விளையாட்டு. ஒரே குழந்தையிடம் இரண்டு மூன்று கலந்தும் இருக்கும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் நம் வீடுகளில் முதலில் பிடித்துக்கொள்கிறோம். "எல்லாம் அந்த போன்னால வந்தது." சில பிள்ளைகளுக்கு அது உண்மை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. வீடே பழகிப்போன பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்தேன். ஆனால் நான் பார்த்தவரை, போன் பெரும்பாலும் புண்ணுக்கு மேல் கட்டிய துணி. அதைப் பிடுங்கினால் புண் ஆறிவிடாது.

மார்க் பயம் என்று சொல்வதற்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும். பாடம் வாசிக்கச் சொல்லி எழுப்பி நிறுத்தும்போது எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளை. சோம்பேறி, கவனமில்லை என்றே அதற்குப் பெயர் கிடைத்திருக்கும். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. தினமும் 'வாசி, வாசி' என்று நிற்கவைக்கப்படும் இடத்துக்கு யார்தான் விரும்பிப் போவார்கள்?

அம்மாவைப் பிரிய மறுப்பது எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளது என்று நினைக்கிறோம். நான் நடத்திய மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாரத்தில் இரண்டு நாள்தான் வருவான். வந்தாலும் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், "டீச்சர், வீட்டுக்கு ஓடிப் போய்ட்டு வந்துடறேன்" என்பான். வீட்டில் சாப்பிடவா என்றால் இல்லை. போய் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவானாம். அவன் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறவர். தான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று காவல் காத்திருக்கிறான் எட்டு வயசுப் பிள்ளை. அவனுக்குப் படிப்பின் அருமையைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? சாப்பாட்டு மணிக்கு என் போனிலிருந்து அம்மாவிடம் ஒரு நிமிஷம் பேசலாம் என்று ஏற்பாடு செய்தோம். அம்மாவிடம் பெண்கள் உதவி எண் 181-ஐக் கொடுத்தேன். அவன் வருகிற நாட்கள் கூடின. முழுசாகச் சரியானது என்று சொல்ல மாட்டேன். அந்த வீடு சரியாகவில்லையே.

தண்ணீர் பாட்டில்

"ஏன் போக மாட்டேங்கிற?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் "தெரியலை" என்றுதான் சொல்லும். பொய்யில்லை, தெரியாது. தெரிந்தாலும் சொல்ல வெட்கம். அதனால் நேராகக் கேட்பதை விடுங்கள். பையில் இருக்கிறவை பேசும். சாப்பாட்டு டப்பா, நோட்டு, டைரி.

அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தேன். அந்தப் புதன்கிழமை எப்படியோ பள்ளிக்குப் போய் வந்துவிட்டாள். சாயங்காலம் டப்பாக்களைக் கழுவப் போட்டபோது தண்ணீர் பாட்டில் கனத்தது. காலையில் அக்கா ரொப்பிக் கொடுத்தபடி, கழுத்துவரை தண்ணீர். ஆகஸ்ட் வெயிலில் ஏழரை மணிக்குக் கிளம்பி ஐந்து மணிக்கு வந்த பிள்ளை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

அப்போது எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "உங்க ஸ்கூல்ல எந்த பீரியட்டு ரொம்ப நீளமா இருக்கும்?" என்றேன். "சாப்பாட்டுக்கு அப்புறம் வர்றது" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடக்கிக்கிட்டே உக்காரணும் சித்தி" என்றாள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜூலையில் ஒருநாள் பெரிய வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் கதவைத் தள்ளித் திறந்து சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருக்க வேண்டும் என்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது. டாக்டரிடம் காட்டியபோது சிறுநீர்த் தொற்றும் இருந்தது.

எண்ணெய் தேய்க்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, கீரை ஆயும்போது, விளக்கணைத்துப் படுத்த பிறகு, இப்படி முகம் பார்க்காத நேரங்களில் பிள்ளைகள் பேசுவார்கள். சின்னப் பிள்ளை என்றால் பள்ளிக்கூடத்தைப் படம் போட்டுத் தரச் சொல்லி, எந்த இடம் பிடிக்கும், எந்த இடம் பிடிக்காது என்று கலர் அடிக்கச் சொல்லலாம். என்ன சொன்னாலும் "இதுக்குப் போயா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வாயே திறக்காது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஒரு ஆள், ஒரு வேன், ஒரு டியூஷன் என்றாலே பிள்ளை நடுங்கினால், குளிக்கவைக்கும்போதோ உடை மாற்றும்போதோ புதிதாகக் கூச்சம் காட்டினால், பாலியல் தொந்தரவு இருக்கிறதா என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் பிள்ளையைப் 'பழக்கக்' கூடாது. அங்கே அனுப்புவதை உடனே நிறுத்திவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்க வேண்டும். ஆசிரியர் அடிப்பதும் மனம் நோகத் திட்டுவதும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. பிள்ளையைப் பொறுத்துப்போகச் சொல்வது தீர்வே இல்லை.

படிப்படியாகத் திரும்புவது

அக்கா வகுப்பாசிரியையைப் போய்ப் பார்த்தாள். தாழ்ப்பாள் போடும்வரை ஆசிரியைகளின் கழிப்பறைக்குப் போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார். பத்து நாளில் புதுத் தாழ்ப்பாளும் வந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். திங்கள் காலை மறுபடி வாந்தி.

எனக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. காரணம் போய்விட்டாலும் பயம் போய்விடாது. அதற்குள் அது பஸ், கேட், பிரேயர் மணி எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒட்டைப் பிரிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும். முதல் இரண்டு நாள் யூனிஃபார்ம் போட்டு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பினார்கள். அப்புறம் பள்ளி விட்ட பிறகு, ஆளில்லாத வகுப்பறையில் அம்மாவோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து வந்தாள். அடுத்து கடைசி இரண்டு பீரியட் மட்டும். காலையில் ஆரம்பிக்காமல் கடைசியில் ஆரம்பித்ததற்குக் காரணம், எல்லாரோடும் சேர்ந்து மணி அடித்து வெளியே வரலாம் என்பதுதான். பிறகு மதியத்திலிருந்து. பிறகு முழு நாள். ஐந்து வாரம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை சறுக்கியது. சறுக்கினால் முதல் படிக்குப் போக வேண்டாம், ஒரு படி மட்டும் இறங்கினால் போதும்.

ஒவ்வொரு படியிலும் பயம் கொஞ்சம் வரும், வர வேண்டும். பயம் ஏறி, தானாக இறங்குகிறவரை அங்கேயே இருந்தால்தான் "இருந்தேன், ஒன்னும் ஆகலை" என்று உடம்பு கற்றுக்கொள்ளும். பயம் உச்சியில் இருக்கும்போது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டால் முன்பு சொன்ன அந்த நிம்மதிதான் மறுபடி பாடமாகும். அதனால் சுலபமாக முடிகிற அளவுக்குச் சின்னப் படியாக வையுங்கள். என்ன படி என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒத்துக்கொண்டதை விட ஒரு நிமிஷம்கூட ஏமாற்றி நீட்டாதீர்கள்.

வீட்டில் இருக்கிற நாளிலும் அது பள்ளி நாளாகவே இருக்கட்டும். வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, நாலு மணி வரை டிவியும் போனும் இல்லாமல், பாடமோ கதைப் புத்தகமோ. தண்டனை மாதிரி வேண்டாம், திட்டு வேண்டாம். கொஞ்சம் சலிப்பாக இருந்தால் போதும். எல்.கே.ஜி. பிள்ளையை விடப் போகிறவர்கள் கேட்டில் நின்று நீளமாகச் சமாதானம் சொல்ல வேண்டாம். "மணி அடிச்சதும் இதே வேப்பமரத்துக்கிட்ட நிப்பேன்" என்று சொல்லி முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சொன்னபடி அங்கே நில்லுங்கள். பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கும்போது நைசாக நழுவினால் மறுநாள் புடவையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஹாஸ்டலில் போடுவேன், போலீஸில் பிடித்துக் கொடுப்பேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார் என்கிற பேச்சை எல்லாம் விட்டுவிடுங்கள். கோவிலுக்குப் போய் மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்களுக்குத் தைரியம் தந்தால் செய்யுங்கள், டாக்டரிடம் காட்டுவதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

என் சக ஆசிரியர்களுக்கு ஒன்று. பல நாள் கழித்து வகுப்பு வாசலில் வந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "வாங்க மகாராஜா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பையன் மறுநாள் வரவில்லை, அதற்கப்புறமும் பல நாள் வரவில்லை. இப்போது "வா, உன் இடம் இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விட்டுப்போன நோட்டைக் குவித்துக் கொடுப்பதில்லை. பக்கத்தில் ஒரு நல்ல தோழனை உட்காரவைக்கிறேன். ஏன் வரவில்லை என்ற கேள்வியை எல்லார் முன்னாலும் கேட்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் தனியாகப் போராட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு செலவில்லை. தொலைபேசியில் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416, தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. வளர்ந்த பிள்ளை சாப்பாடு தூக்கம் குறைந்து, நண்பர்களையும் ஒதுக்கி, "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்கிற மாதிரிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே கூட்டிப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள்.

நீண்ட லீவு முடிகிற சமயம் மறுபடி தலைகாட்டும். காலாண்டு, அரையாண்டு, மே மாதம், எதுவானாலும் பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்பே தூங்குகிற, எழுகிற நேரத்தைப் பள்ளிக் கணக்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். முடிந்தால் ஒரு தோழியை வீட்டுக்கு வரச் சொல்லலாம். அக்கா மகளுக்குப் பொங்கல் லீவு முடிகிற ஞாயிறு சாயங்காலம் வயிறு வலித்தது. அக்கா பதறவும் இல்லை, அதட்டவும் இல்லை. சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, "டைம் டேபிளைப் பார்த்துப் பையை அடுக்கு" என்றாளாம். திங்கள் முதல் பீரியட் என்ன என்று அவளே பார்த்து, "பி.டி.ம்மா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்திருக்கிறாள்.